துப்பாக்கி டிரஸ்ட்: உள்ளே கொண்டுவருவதும் வெளியே எடுப்பதும்

டெக்சாஸில் எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி இருந்த நண்பர் திடீரென்று இறந்துபோனார். மூன்றாவது வாரம் அவர் மனைவி என்னை அழைத்தார். "அண்ணா, அவருடைய பெட்டகத்தின் சாவி என்னிடம் இருக்கிறது. திறந்து பார்க்கலாமா?" என்று கேட்டார். "வேண்டாம் அம்மா, வழக்கறிஞரிடம் பேசும்வரை திறக்கவே வேண்டாம்" என்றேன். உள்ளே இரண்டு வேட்டை ரைபிள்களும், குழல் முனையில் பொருத்திச் சுடும் சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸர் ஒன்றும் இருப்பது எனக்குத் தெரியும். சப்ரஸர் ஒரு டிரஸ்டின் பெயரில் பதிவாகியிருந்தது. அந்த டிரஸ்டுக்கு நண்பர் ஒருவரே டிரஸ்டி. தமக்குப் பின் யார் என்று அவர் எழுதவில்லை. இணையத்தில் மலிவாக வாங்கிய ஆயத்தப் படிவம் அது. அடுத்த பொறுப்பாளருக்கான கோடு காலியாகவே இருந்தது. நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும்வரை மாதக்கணக்கில் அந்தப் பெட்டகத்தை யாரும் திறக்கவில்லை.

அமெரிக்காவில் குடியேறி, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும், அல்லது வைக்க நினைக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். துப்பாக்கி வாங்கலாமா கூடாதா என்பது வேறு பேச்சு. வாங்கிவிட்டவர்கள் அதை டிரஸ்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது, பின்பு எப்படி வெளியே எடுப்பது என்பது மட்டுமே இங்கே. நான் வழக்கறிஞன் அல்லன். இந்த வேலையைப் பலமுறை என் கையால் செய்தவன். மத்தியச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். மாநிலச் சட்டம் அப்படியல்ல. ஆகவே கையெழுத்திடும் முன் உங்கள் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவரிடம் ஆவணத்தைக் காட்டிவிடுங்கள்.

இது எந்த டிரஸ்ட்?

டிரஸ்ட் என்றதும் நமக்குக் கோயிலும் கல்லூரியும் நினைவுக்கு வரும். இது அந்த அறக்கட்டளை அல்ல. ஒருவர் தம் சொத்தை ஓர் ஆவணத்தின் கீழ் வைத்து, அதைக் கையாள டிரஸ்டிகளையும், இறுதியில் பெற்றுக்கொள்ளப் பயனாளிகளையும் குறிப்பிடும் தனியார் ஏற்பாடு. உருவாக்கியவரே முதல் டிரஸ்டியாக இருப்பார். உயிரோடு இருக்கும்வரை அவர் அதை மாற்றலாம், கலைக்கவும் செய்யலாம்.

துப்பாக்கிகள் மத்தியச் சட்டத்தில் இரண்டு வகையாகப் பிரிகின்றன. சாதாரண ரைபிள், ஷாட்கன், கைத்துப்பாக்கி ஆகியவை ஒரு வகை. 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வருபவை இன்னொரு வகை: இயந்திரத் துப்பாக்கி, 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைபிள், 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ஷாட்கன், சப்ரஸர், இன்னும் சில. இந்த இரண்டாம் வகை ஒவ்வொன்றும் ஏ.டி.எஃப். என்ற மத்திய அமைப்பின் பதிவேட்டில் வரிசை எண்ணோடு ஒரு பெயரில் இருந்தாக வேண்டும். பெயர் மாறுவதற்கு முன்பே ஒப்புதல் வேண்டும். தவறினால் 10 ஆண்டு வரை சிறை.

டிரஸ்டின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. சப்ரஸர் உங்கள் தனிப்பெயரில் இருந்தால் அதை வைத்திருக்கும் உரிமை உங்களுக்கு மட்டுமே. நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது பெட்டகத்தின் சாவியும் எண்ணும் மனைவியிடம் இருந்தால், அவர் அதை வைத்திருப்பதாகவே சட்டம் கருத இடமுண்டு. டிரஸ்டின் பெயரில் இருந்து, மனைவியும் டிரஸ்டியாக இருந்தால் இந்தக் கவலை இல்லை. உங்களுக்குப் பின் அது நீதிமன்றத்தின் உயில் நடைமுறைக்குள் போகாமல் கைமாறும் என்பது இரண்டாவது பயன்.

முன்பு மூன்றாவது காரணம் ஒன்றும் சொல்வார்கள்: டிரஸ்ட் மூலம் விண்ணப்பித்தால் கைரேகை வேண்டாம், ஷெரிப்பின் கையெழுத்து வேண்டாம் என்று. அந்தக் காலம் 2016 ஜூலை 13ஆம் தேதியோடு முடிந்தது. அன்று நடைமுறைக்கு வந்த விதியின்படி டிரஸ்டின் பொறுப்பாளர், அதாவது துப்பாக்கியைக் கையாளும் அதிகாரம் உள்ளவர், ஒவ்வொருவரும் கைரேகையும் புகைப்படமும் தர வேண்டும். ஷெரிப்பின் ஒப்புதல் எல்லோருக்குமே நீங்கியது. தகவல் அனுப்பினால் போதும். இன்றும் பழைய கதையைச் சொல்லி டிரஸ்ட் விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்காதீர்கள்.

உங்களிடம் சாதாரண ரைபிள் ஒன்றும் கைத்துப்பாக்கி ஒன்றும் மட்டுமே இருந்தால், அவற்றுக்காக மட்டும் தனி டிரஸ்ட் தேவையில்லை என்பதே என் கருத்து. நல்ல உயில் போதும்.

யாரை டிரஸ்டியாகச் சேர்ப்பது

நம்மவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. பாசத்தில் தம்பி, மச்சான், நண்பர் என்று ஐந்தாறு பேரைச் சேர்த்துவிடுகிறோம். டிரஸ்டி என்றால் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கும் உரிமை. அந்த உரிமை சட்டப்படி இல்லாத ஒருவருக்கு டிரஸ்ட் அதை உண்டாக்கித் தராது.

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த உரிமம் ஒரு நாள் காலாவதியானாலும் விலக்கு போய்விடும். இப்படி ஒரு நூலிழையில் தொங்கும் தகுதியை நம்பி மனைவியையோ தம்பியையோ டிரஸ்டியாக்க வேண்டாம். இதில் ஒரு குற்றச்சாட்டு வந்தால் துப்பாக்கியோடு விசாவும், பின்னால் வரவேண்டிய கிரீன் கார்டும் சேர்ந்து போகும். கிரீன் கார்டு வந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்; அதற்கு ஒரு திருத்தப் பத்திரம் போதும். கிரீன் கார்டு பெற்ற நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கு இந்தத் தடை இல்லை.

கஞ்சா இன்னொரு கண்ணி. கொலராடோவிலும் கலிபோர்னியாவிலும் கடையில் விற்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவம், உங்கள் மாநிலத்தில் அது சட்டபூர்வமானாலும் மத்தியச் சட்டத்தில் தடைதான் என்று எச்சரிக்கிறது. ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை தரக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள், குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள், குடும்ப வன்முறைக்கான நீதிமன்றப் பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்டவர்கள் ஆகியோருக்கும் தடை உண்டு. இப்படி ஒரு நிலை டிரஸ்டி ஒருவருக்குப் பின்னாளில் வந்தால், அன்றே அவரை நீக்கும் பத்திரத்தில் கையெழுத்திட்டு, சாவியையும் வாங்கிவிட வேண்டும். அவர் தாமாகவே விலகியதாகக் கருதப்படுவார் என்ற வாசகத்தை டிரஸ்டிலேயே எழுதிவைப்பது நல்லது.

விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் அந்த நேரத்தில் இருக்கும் பொறுப்பாளர்கள் எல்லோரும் கைரேகை தர வேண்டும். ஆறு டிரஸ்டிகள் என்றால் ஆறு பேரின் தாள்கள், ஆறு புகைப்படங்கள், ஆறு ஷெரிப் தகவல்கள். ஒருவர் தாமதித்தால் எல்லாமே நின்றுவிடும். நீங்களும் வாழ்க்கைத் துணையும் போதும் என்பேன்.

பிள்ளைகளைப் பயனாளிகளாகக் குறிப்பிடலாம். துப்பாக்கியைக் கையாளும் அதிகாரம் இல்லாத பயனாளி பொறுப்பாளர் ஆக மாட்டார். அவர் குழந்தையாகவும் இருக்கலாம். அடுத்த டிரஸ்டியாக ஒருவரையும், அவராலும் முடியாவிட்டால் வேறொருவரையும் பெயரெழுதிவிடுங்கள். என் நண்பரின் ஆவணத்தில் காலியாக இருந்தது இந்த இரண்டு வரிகள்தான்.

ஆவணத்தை எழுதும்போது

டிரஸ்டுக்குச் சின்னப் பெயராக வையுங்கள். இது அழகுக்காகச் சொல்வதல்ல. நீங்களே குழலை வெட்டிச் சிறிய ரைபிள் செய்தாலோ சப்ரஸர் செய்தாலோ, சட்டப்படி அதைச் செய்தவர் டிரஸ்ட். டிரஸ்டின் பெயரையும், ஊரையும், மாநிலத்தையும் உலோகத்தில் பொறிக்க வேண்டும். எழுத்து குறைந்தது ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு உயரமும், அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆழமும் இருக்க வேண்டும். தாத்தா, அப்பா, குலதெய்வம் எல்லோர் பெயரையும் சேர்த்து நீளமாக வைத்த ஒருவர் பொறிக்க இடமில்லாமல் திண்டாடியதைப் பார்த்திருக்கிறேன்.

பெயரை ஒருமுறை முடிவு செய்தபின் எல்லாப் படிவத்திலும் எழுத்துக்கு எழுத்து அதேபோல் எழுதுங்கள். ஆவணத்தில் ஒரு மாதிரி, விண்ணப்பத்தில் வேறு மாதிரி என்றால் திரும்பி வரும். நம் பெயர்களில் தலைப்பெழுத்து எங்கே வருகிறது என்ற குழப்பம் வேறு இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடியே உங்கள் பெயரை எழுதிவிட்டால் பாதித் தலைவலி தீரும்.

டிரஸ்டுக்குச் சொத்து இருந்தாக வேண்டும். வெறும் காகிதம் டிரஸ்ட் ஆகாது. அதனால் முதலில் ஒரு சிறு தொகையை, பத்து டாலர் போதும், டிரஸ்டுக்கு ஒப்படைத்ததாகப் பின்னிணைப்பில் எழுதுவார்கள். பிறகு நோட்டரி முன் கையெழுத்து. சாட்சிகள் வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அந்தப் பின்னிணைப்புத்தான் சொத்துப் பட்டியல். வருகிற ஒவ்வொன்றும் அதில் ஏறும், போகிற ஒவ்வொன்றும் அதில் அடிக்கப்படும். தேதி, தயாரிப்பாளர், மாதிரி, விட்டம், வரிசை எண், எப்படி வந்தது, எப்படிப் போனது. இந்த ஏழும் ஒரே வரியில் இருக்கட்டும்.

உள்ளே: சாதாரணத் துப்பாக்கிகள்

இது எளிது. ஒப்படைப்புப் பத்திரம் என்று ஒரு பக்கத் தாள். "இந்த வரிசை எண்ணுள்ள ரைபிளை இன்ன டிரஸ்டுக்கு ஒப்படைக்கிறேன்" என்று எழுதி, கொடுப்பவராகவும் டிரஸ்டியாகப் பெறுபவராகவும் கையெழுத்திட்டு, தேதி போட்டு, பட்டியலில் ஏற்றினால் முடிந்தது. நீங்களும் மற்ற டிரஸ்டிகளும் ஒரே மாநிலத்தில் குடியிருந்தால் மத்தியச் சட்டம் இதற்குமேல் படிவம் எதுவும் கேட்பதில்லை. ஆனால் கலிபோர்னியா, நியூயார்க், கொலராடோ, வாஷிங்டன், ஓரிகன் போன்ற மாநிலங்களில் தனியாருக்கிடையிலான கைமாற்றமும் உரிமம் பெற்ற கடை வழியாகப் பின்னணிச் சோதனையோடு நடக்க வேண்டும். குடும்பத்துக்கான விலக்குகள் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. அங்கே இருப்பவர்கள் பத்திரம் எழுதும் முன் விசாரித்துவிடுங்கள்.

புதிதாக வாங்கும்போது 4473 படிவத்தை நிரப்புபவர் மனிதர்தான், டிரஸ்ட் அல்ல. உங்கள் பெயரில் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் ஒப்படைப்புப் பத்திரம் எழுதுங்கள். டிரஸ்ட் இருக்கிறது என்பதற்காக வேறொருவருக்கு வாங்கித் தரலாம் என்று நினைக்க வேண்டாம். 2014இல் ஆப்ராம்ஸ்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மாமாவுக்காகக் கைத்துப்பாக்கி வாங்கியவர், வாங்குபவர் தாமே என்று படிவத்தில் எழுதினார். அந்த மாமாவுக்குச் சட்டப்படி வாங்கும் தகுதி இருந்தது. இருந்தும் அது பொய் வாக்குமூலம் என்றே தீர்ப்பு வந்தது.

உள்ளே: பதிவேட்டில் உள்ளவை

எல்லோரும் தவறுவது இங்கே. ஏற்கெனவே உங்கள் தனிப்பெயரில் பதிவாகியிருக்கும் சப்ரஸரை ஒப்படைப்புப் பத்திரம் எழுதி டிரஸ்டில் சேர்க்க முடியாது. டிரஸ்டை உருவாக்கியவரும் நீங்கள், டிரஸ்டியும் நீங்கள், பெட்டகமும் அதே பெட்டகம் என்றாலும், பதிவேட்டின் கண்ணில் இருவரும் வேறு. பெயர் மாற்றக் கேட்கும் விண்ணப்பமான படிவம் 4ஐ ஏ.டி.எஃப்.புக்குப் போட்டு, ஒப்புதல் வந்த பிறகே அது டிரஸ்டுக்கு உரியது. பட்டியலில் எழுதிவிட்டதாலேயே மனைவிக்கு அதைத் தொடும் உரிமை வந்துவிட்டது என்று நம்பியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். வரவில்லை.

1934 முதல் இந்தக் கைமாற்றத்துக்கு வரி 200 டாலர். அன்று அது துப்பாக்கியின் விலையையே மிஞ்சும் பணம். தொண்ணூறு ஆண்டுகள் அந்தத் தொகை மாறவே இல்லை. 2025 ஜூலை 4ஆம் தேதி கையெழுத்தான வரிச் சட்டம் அதை மாற்றியது. 2026 ஜனவரி 1 முதல் சப்ரஸருக்கும் குறுகிய ரைபிளுக்கும் குறுகிய ஷாட்கனுக்கும் வரி பூஜ்யம். இயந்திரத் துப்பாக்கிக்கும் வெடிகுண்டு வகைகளுக்கும் 200 டாலர் தொடர்கிறது. வரிதான் போயிற்று, பதிவும் படிவமும் கைரேகையும் அப்படியே இருக்கின்றன. முன்பு வரிக்கு யோசித்துத் தனிப்பெயரிலேயே விட்டுவைத்தவர்களுக்கு டிரஸ்டுக்கு மாற்ற இது நல்ல நேரம்.

கடையில் புதிதாக வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பணம் கட்டியதும் சப்ரஸர் கடையிலேயே இருக்கும். கடைக்காரர் ஏ.டி.எஃப்.பின் இணையதளத்தில் படிவம் 4ஐத் தொடங்குவார். டிரஸ்ட் ஆவணம் முழுவதையும், ஒரு பக்கமும் விடாமல், திருத்தங்களோடும் பட்டியலோடும் இணைக்க வேண்டும். பொறுப்பாளர் ஒவ்வொருவரும் படிவம் 23ஐ நிரப்பி, ஓராண்டுக்குள் எடுத்த இரண்டுக்கு இரண்டு அங்குலப் புகைப்படமும் கைரேகையும் தருவார்கள். படிவத்தின் ஒரு நகல் அவரவர் பகுதியின் ஷெரிப்புக்கோ காவல்துறைத் தலைவருக்கோ போக வேண்டும். அனுப்பிய ரசீதை வைத்திருங்கள்.

கடந்த 24 மாதங்களுக்குள் இதே டிரஸ்டுக்கு ஓர் ஒப்புதல் கிடைத்திருந்து, ஆவணத்தில் ஒன்றும் மாறவில்லையென்றால், முழு நகலுக்குப் பதில் "மாற்றம் இல்லை" என்ற உறுதிமொழி போதும். இடையில் ஒரு டிரஸ்டியைச் சேர்த்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

பிறகு காத்திருப்பு. காகிதத்தில் அனுப்பிய நாட்களில் ஓராண்டுகூட ஆனதுண்டு. இணையம் வழியாகச் சில நாட்களிலேயே வந்ததும் உண்டு. ஒப்புதல் வந்ததும் டிரஸ்டிகளில் ஒருவர் கடைக்குப் போய் 4473 படிவம் நிரப்பிப் பெற்றுக்கொள்ள வேண்டும். டிரஸ்டாக இருப்பதால் அங்கேயும் ஒரு பின்னணிச் சோதனை நடக்கும். அன்று மாலையே பட்டியலில் ஏற்றிவிடுங்கள். ஒப்புதல் தாளின் நகல் ஒன்று எப்போதும் துப்பாக்கியோடு பையில் போகட்டும். மூலம் வீட்டுக் கோப்பில் இருக்கட்டும்.

நீங்களே செய்வதானால் படிவம் 1. ஒப்புதல் கைக்கு வருவதற்கு முன் குழலில் ரம்பத்தை வைக்கக் கூடாது. இயந்திரத் துப்பாக்கியை இப்படிச் செய்து பதிவு செய்ய முடியாது. 1986 மே 19ஆம் தேதிக்கு முன் பதிவானவை மட்டுமே தனியாரிடம் கைமாறலாம். அதனால்தான் அவற்றின் விலை பல்லாயிரம் டாலருக்குப் போய்விட்டது.

ஒப்புதல் வந்த பிறகு புதிய டிரஸ்டியைச் சேர்த்தால் ஏ.டி.எஃப்.புக்கு உடனே தெரிவிக்க வேண்டியதில்லை. அடுத்த விண்ணப்பத்தில்தான் அவர் கைரேகை தருவார். அதனால் முதலில் ஒருவர் மட்டும் டிரஸ்டியாக இருந்து விண்ணப்பித்து, ஒப்புதல் வந்தபின் துணையைச் சேர்ப்பது பரவலான வழக்கம். விதி இதை அனுமதிக்கிறது. சேர்க்கப்படுபவருக்குத் தகுதி உண்டா என்று பார்க்கும் கடமை உங்கள் தலையில் விழுகிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மாநில எல்லை

டிரஸ்டுக்குச் சொந்தமான குறுகிய ரைபிளையோ குறுகிய ஷாட்கனையோ இயந்திரத் துப்பாக்கியையோ வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக, வார இறுதிப் போட்டிக்கானாலும் வீடு மாறுவதானாலும், படிவம் 5320.20இல் முன் அனுமதி வேண்டும். சப்ரஸருக்கு இது வேண்டாம். ஆனால் கலிபோர்னியா, டெலவேர், ஹவாய், இல்லினாய், மசாசூசெட்ஸ், நியூஜெர்சி, நியூயார்க், ரோட் ஐலண்ட் ஆகிய எட்டு மாநிலங்களில் பொதுமக்கள் சப்ரஸர் வைத்திருக்கவே முடியாது. டெக்சாஸிலிருந்து நியூஜெர்சிக்கு வேலை மாறிப் போகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் வாரமே பெட்டகத்தையும் நினையுங்கள். விற்கவும் ஒப்புதல் வேண்டும், அதற்கும் நாளாகும்.

வெளியே: நீங்கள் இருக்கும்போது

சாதாரணத் துப்பாக்கியைத் திரும்ப எடுக்க, வந்த பத்திரத்தைத் திருப்பி எழுதினால் போதும்: டிரஸ்ட் கொடுக்கிறது, நீங்கள் பெறுகிறீர்கள். பட்டியலில் அந்த வரியை அடித்து, தேதியும் கையெழுத்தும் இடுங்கள். அழித்து வெள்ளை பூச வேண்டாம். அடித்த வரி படிக்கும்படி இருக்கட்டும்.

விற்பதானால் வாங்குபவர் எந்த மாநிலத்தவர் என்பதே முதல் கேள்வி. வேறு மாநிலத்தவர் என்றால் உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் போக வேண்டும். கைத்துப்பாக்கி என்றால் அந்தக் கடை அவருடைய மாநிலத்தில் இருக்க வேண்டும்.

பதிவேட்டில் உள்ளவை வெளியே போகவும் படிவம் 4தான். டிரஸ்டிலிருந்து உங்கள் தனிப்பெயருக்கு மாற்றினாலும் அதே படிவம், அதே காத்திருப்பு. வேறு மாநிலத்தவருக்கு விற்றால் இரண்டு படிவம் 4 ஆகும்: டிரஸ்டிலிருந்து அவர் மாநிலத்தில் அந்த வகைக்குத் தகுதியுள்ள கடைக்கு ஒன்று, கடையிலிருந்து அவருக்கு இன்னொன்று. இயந்திரத் துப்பாக்கி என்றால் வரியும் இரண்டு முறை. விலை பேசும்போதே யார் கட்டுவது என்று எழுதிவிடுங்கள். ஒப்புதல் வரும்வரை பொருள் உங்கள் பெட்டகத்திலேயே இருக்க வேண்டும். பணம் வாங்கிவிட்டோமே என்று நம்பிக்கையின் பேரில் கொடுத்துவிட்டால் அது குற்றம்.

யார் கையெழுத்திடுவது என்று டிரஸ்டின் விதியைப் படியுங்கள். ஒரு டிரஸ்டி போதும் என்று சிலவற்றில் இருக்கும், எல்லோரும் வேண்டும் என்று சிலவற்றில் இருக்கும். விவாகரத்து நடக்கும் வீட்டில் இந்த ஒரு வரி பெரிய சண்டையாகும்.

டிரஸ்டியைச் சேர்ப்பதும் நீக்குவதும் கைமாற்றம் அல்ல. துப்பாக்கி டிரஸ்டின் பெயரிலேயே இருக்கிறது. திருத்தப் பத்திரம் மட்டும் போதும். திருட்டுப் போனால் காவல்துறையோடு நிற்காமல் ஏ.டி.எஃப்.புக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

வெளியே: நீங்கள் இல்லாதபோது

நீங்கள் பெயரெழுதிய அடுத்த டிரஸ்டி பொறுப்பேற்பார். அவர் முதலில் செய்ய வேண்டியது பட்டியலையும் பெட்டகத்தையும் ஒப்பிடுவது. தனிப்பெயரில் பதிவானது ஒன்று இருந்தால் அது உயிலின் வழியே போகும். அதற்கு நிறைவேற்றுநர் பொறுப்பு. வாரிசுக்குப் போகும்போது வரிவிலக்குப் படிவமான படிவம் 5 உண்டு. டிரஸ்டின் வாசகப்படி பயனாளிக்குக் கொடுக்கும்போதும் வழக்கறிஞர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இறப்புச் சான்றிதழும் டிரஸ்ட் ஆவணமும் இணைய வேண்டும். பெறுபவர் கைரேகை தர வேண்டும். ஒப்புதலுக்குப் பிறகே பொருள் கைமாறும்.

சாதாரணத் துப்பாக்கியில் ஒரு நுணுக்கம். வேறு மாநிலத்து வாரிசு உயில் மூலமோ, உயிலின்றி வாரிசுரிமை மூலமோ பெற்றால் கடை வழியாகப் போக வேண்டியதில்லை என்று மத்தியச் சட்டம் விலக்குத் தருகிறது. அந்த விலக்கின் சொற்களில் டிரஸ்ட் இல்லை. ஆகவே டல்லாஸில் இருக்கும் டிரஸ்டிலிருந்து அட்லாண்டாவில் இருக்கும் மகளுக்குப் போகும் ரைபிளை அட்லாண்டாவின் கடை ஒன்றுக்கு அனுப்பி, அவரை 4473 நிரப்பிப் பெறச் சொல்லுங்கள். கடைக்காரர் வாங்கும் சிறு கட்டணத்தில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் போகும்.

பயனாளி சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தால்? அல்லது இங்கேயே மாணவர் விசாவில் இருந்தால்? தற்காலிக விசாவில் இருப்பவருக்குக் கொடுப்பதும் குற்றமே. நாட்டுக்கு வெளியே அனுப்ப ஏற்றுமதி அனுமதியும், அந்த நாட்டின் உரிமமும் வேண்டும். இத்தகைய பயனாளிக்குத் துப்பாக்கியை விற்று வந்த பணத்தைத் தர வேண்டும் என்று டிரஸ்டில் ஒரு வாக்கியம் எழுதிவிடுங்கள். சப்ரஸர் தடையுள்ள மாநிலத்தில் வாழும் பிள்ளைகளுக்கும் அதே வாக்கியம் பொருந்தும். பிள்ளை சிறுவயதினர் என்றால், எந்த வயதில், யார் தகுதியென்று முடிவு செய்தபின் கொடுப்பது என்பதையும் எழுதுங்கள்.

பெட்டகத்தில் பட்டியலிலும் இல்லாத, ஒப்புதல் தாளும் இல்லாத குறுகிய ரைபிளோ சப்ரஸரோ கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம். பதிவாகாத ஒன்றை இப்போது பதிவு செய்ய வழியில்லை. முதல் அழைப்பு வழக்கறிஞருக்கு. அவர் மூலமாக ஏ.டி.எஃப்.பிடம் அது பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் ஒப்படைத்துவிடலாம்.

நண்பரின் வீட்டில் கடைசியில் நீதிமன்றம் அவர் மனைவியையே டிரஸ்டியாக நியமித்தது. நல்லவேளையாக அவருக்கு அதற்குள் கிரீன் கார்டு வந்திருந்தது. ரைபிள்கள் இரண்டும் டிரஸ்டின் பட்டியலில் ஏறவே இல்லை. அவை தனியே நீதிமன்ற நடைமுறை வழியாக அவருக்கு வந்தன. மூன்றையும் விற்றுவிட்டார். படிவங்களை நிரப்ப நான் போய் உட்கார்ந்த அன்று இரவு வீட்டுக்கு வந்து, எங்கள் டிரஸ்டின் கடைசிப் பக்கத்தை மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அடுத்த டிரஸ்டியாக அவருடைய தங்கையின் பெயரும், அதற்கடுத்து என் பழைய அலுவலக நண்பர் பெயரும் இருந்தன. தங்கையின் முகவரி மாறி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மறுநாள் திருத்தினோம். இப்போது ஒவ்வொரு பொங்கலுக்கு மறுநாளும் பெட்டகத்தைத் திறந்து, அவர் வரிசை எண்ணை வாசிக்க, நான் பட்டியலில் குறியிடுகிறேன். இருபது நிமிடம் ஆகிறது.